நாலாங்கிளாஸ் புள்ளைக்கு ஒரு சாதா கவுன் கெடைக்க மாட்டேங்குதுங்க

எல்லைக்காரி (கொழிஞ்சாம்பாறை)
ராத்திரி 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு மனசு தாங்காம எழுதறேன்.

எங்கூரு கேரளாப் பக்கம் எல்லைலங்க, நோம்பி ரெண்டு, ஓணம் ஒன்னு தீபாவளி ஒன்னு. டிவில விளம்பரமும் ரெண்டு பாஷைலயும் வரும், ஆடித் தள்ளுபடி முடியறதுக்குள்ள ஓணக்கோடி (ஓணத்துக்குப் புதுத்துணி) விளம்பரம் ஆரம்பிச்சுரும், அது ஓயறதுக்குள்ள தீபாவளிக்கு ஆரம்பிச்சுருவாங்க. என்ற பொண்ணுக்கு ஒம்போது வயசு, நாலாங்கிளாஸ். ஓணத்துக்குத் துணி எடுக்கலாம்னு பாலக்காடு டவுனுக்கு பஸ்ல கூட்டிட்டுப் போனனுங்க. நாலு மாடி கடை, பேரு வேண்டாம். குழந்தைங்க செக்சன் மூணாவது மாடில. ஏழு வயசு வரைக்கும் பூப்போட்ட ஃப்ராக், முயல் பொம்ம போட்ட பனியன் எல்லாம் இருக்குதுங்க. எட்டு வயசுக்கு மேல போனா அந்த ஸ்டாண்டே வேற மாதிரி ஆயிருது. தோள் தொறந்த டாப்ஸு, முதுகு முச்சூடும் நெட்டு, கழுத்துக்குப் பொறவால கயிறு கட்டற கவுனு, முட்டிக்கு மேல இறுக்கிப் புடிக்கற பாவாடை.

ஒரு கவுன எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்க்கறேன், நெஞ்சுக்கிட்ட ஸ்பாஞ்சு வச்சுத் தச்சிருக்குது. லேபிள்ல சைஸ் 28, பக்கத்துல 8-9 வயசுன்னு போட்டிருக்குது. கைல புடிச்சுட்டு அப்படியே நின்னுட்டேனுங்க. அவளுக்கு அப்பத்தான் ஒரு பல்லு ஆடிட்டு இருந்துச்சு, நாக்கால தள்ளித் தள்ளி விளையாடிட்டே என்ற கையப் புடிச்சுட்டு நிக்கறா. கடைப் பொண்ணு பாவம் நல்ல பொண்ணுதான், "இப்போ இதாணு ட்ரெண்டு சேச்சி, மோள் வலிய குட்டியாயில்லே"ங்கறா, இப்ப இதுதான் ட்ரெண்டு அக்கா, பாப்பா பெரிய புள்ள ஆயிட்டாளேன்னு.

வேற ஒன்ன போட்டுப் பாக்கறேன்னு உள்ள போனா. கதவு சந்துல பாக்கறேன், கண்ணாடி முன்னால நின்னுட்டு மூச்ச இழுத்து வயித்த உள்ள தள்ளிட்டு நிக்கறா, சைடுல திரும்பிப் பாத்துக்கறா, மறுக்கா இழுத்துக்கறா. அப்புறம் என்னக் கூப்புட்டு "அம்மா எனக்குத் தொப்பை இருக்குதாம்மா"ன்னு கேக்கறா. நான் அந்த வயசுல கொய்யா மரத்துல இருந்து எறங்கவே மாட்டேன், வயிறுன்னு ஒன்னு இருக்குதுங்கறதே பசிச்சாத்தான் தெரியும்.

போன மாசம் பொறந்தநாளுக்குப் போய்ட்டு வந்தா, ரிட்டன் கிஃப்ட்னு ஒரு டப்பா. உள்ளார லிப்ஸ்டிக்கு நாலு, கண்ணுக்குப் பூசற கலரு, நெயில் பாலிசு. ரெண்டு வருசம் முந்தி அதே வீட்ல கலர் பென்சில் குடுத்தாங்க.

நீங்கல்லாம் என்ன பண்றீங்க? எட்டுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் புள்ளைகளுக்குன்னு எங்கயாச்சும் துணி விக்கறாங்களா?


ஜவுளிக்கடைக்காரன் (பொள்ளாச்சி)
ராத்திரி 10.15

அக்கா நான் சின்னதா ரெடிமேட் கடை வச்சிருக்கறவன், திட்டறதுக்கு முன்னால எங்க பக்கத்தையும் கேளுங்க.

நான் சரக்கெடுக்கறது ஈரோட்டுலதான், திங்கக்கிழமை ராத்திரி சந்தைக்குப் போனா விடிய விடிய நிப்பேன். மொத்த வியாபாரி டிசைன செட்டாத்தான் குடுப்பாரு, 22ல இருந்து 32 வரைக்கும் ஒரு கட்டு, எனக்கு இந்த சைஸு மட்டும் போதும்னா நடக்காது. அந்த டிசைன் எங்கிருந்து வருதுன்னா காலேஜ் பொண்ணுங்களுக்கு ஓடறது எதுவோ அதுதான், அதே வெட்டு அட்டைய சின்னதா எறக்கி வெட்டிருவாங்க. குழந்தை உடம்புக்குன்னு தனியா பேட்டர்ன் போடறதுக்கு யாரும் மெனக்கெடறதில்ல, செலவு. நீங்க பாத்த ஸ்பாஞ்சும் அப்படி வந்ததாத்தான் இருக்கும், பெரிய சைஸ்ல இருக்கறத சின்ன சைஸ்லயும் வச்சுத் தச்சுட்டாங்க, யாரும் யோசிக்கல. நீங்க சொன்னப்பறம் என் கடைலயும் போய் உள்பக்கம் திருப்பிப் பாக்கணும்னு இருக்கேன், இத்தன வருசத்துல நான் பாத்ததே இல்ல, அதுதான் உண்மை.

ஆனா இன்னொன்னும் சொல்றேன். போன தீபாவளிக்கு காட்டன் ஃப்ராக்கு 40 எடுத்துட்டு வந்தேன், கை வச்சது, பின்னால நாடா வச்சது, அருமையான துணி. வித்தது 11. மிச்சம் இன்னும் பரண்ல கெடக்குது. அம்மாமாருங்களே கைல எடுத்துப் பாத்துட்டு "இது பழைய மாடலு, போட்டோல நல்லா வராது"ன்னு வச்சுட்டுப் போறாங்க. போட்டோல நல்லா வரணும்ங்கறது இப்ப ஒரு அஞ்சாறு வருசமா தெனம் கேக்கற வார்த்தை.


பனியன்கம்பெனி (திருப்பூர், சொந்த ஊரு கோபாலபுரம்)
ராத்திரி 11.05

நான் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா 14 வருசமா இருக்கேன், எங்க வேலையே குழந்தைங்க துணிதான். அக்கா கேட்டதுக்கு நேரா பதில் இல்ல ஆனா இது தெரிஞ்சா நல்லதுன்னு எழுதறேன்.

வெளிநாட்டுல வாங்கற கம்பெனிகளுக்கு பண்றப்ப குழந்தை துணிக்கு ஆயிரத்தெட்டு ரூல்ஸ். ஏழு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைக்கு கழுத்துகிட்ட, தலைல போடற ஹூட்ல கயிறே வரக்கூடாது, ஐரோப்பால அதுக்குன்னு ஸ்டாண்டர்டு இருக்குது, இஎன் 14682ன்னு நம்பரு எனக்கு தூக்கத்துல கேட்டாலும் வரும். பட்டன் எவ்வளவு இழுத்தா பிய்யும்னு மெசின்ல இழுத்துப் பாப்பாங்க.

டிசைன் விசயத்துலயும் அங்க ஒரு தடவ பெரிய சத்தம் ஆச்சு. 2010ல பிரிட்டன்ல ஒரு பெரிய கடை ஏழெட்டு வயசு புள்ளைகளுக்கு இதே மாதிரி ஸ்பாஞ்சு வச்ச நீச்சல் உடுப்பு வித்து, பெத்தவங்க கொதிச்சுப் போயி, கடைக்காரங்க அத எடுத்துட்டாங்க. அதுக்கடுத்து அரசாங்கமே ரெஜ் பெய்லின்னு ஒருத்தர்கிட்ட விசாரிக்கச் சொல்லுச்சு, மதர்ஸ் யூனியன்கற கிறிஸ்தவ அமைப்போட தலைமை நிர்வாகியா அப்ப இருந்தவரு. 2011 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு, விளம்பரம், பாட்டு வீடியோ, கடைத் துணி, பத்திரிகை அட்டைன்னு எல்லாமா சேந்து புள்ளைகள சீக்கிரம் பெருசாக்குதுன்னு. அதே சமயத்துல அங்கத்த கடைக்காரங்க சங்கமும் குழந்தை துணிக்கு ஒரு வழிமுறை போட்டாங்க, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், நெக்ஸ்ட், டெஸ்கோ எல்லாம் ஒத்துக்கிட்டாங்க. வெட்டு எப்படி இருக்கணும், பனியன் மேல என்ன வாசகம் போடலாம், உள்ளாடை எப்படி இருக்கணும் எல்லாம் அதுல இருக்குது. சட்டமில்ல, தானா ஒத்துக்கிட்டதுதான், ஆனா இங்க டிசைன் சாம்பிள் அனுப்பறப்ப எங்களுக்கு அது தெரியும். ஒரு தடவ ஆறு வயசு பனியன்ல ஒரு வாசகம் போட்டு அனுப்புனோம், ரொம்ப மோசம்லாம் இல்ல, சும்மா காதல் பத்தி ஒரு வரி, அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டாங்க.

எனக்கு மனசு ஒறுத்தறது என்னன்னா, லண்டன் புள்ளைக்கு ஒரு ரூல் பாத்துத் தைக்கறோம், நம்ம புள்ளைக்குன்னு வர்றப்ப கேக்க ஆளில்ல. ரெண்டையும் தைக்கறது இதே ஜனங்கதான். என் தங்கச்சி மகளுக்கும் அந்த லோக்கல் சரக்குதான் வாங்கறோம்.


மழைக்கிளி
காலைல 6.50

எனக்கு 23 வயசு. இந்த இழைய படிக்கறப்ப ஒரு பயம் வருது, சொல்லிடறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

எனக்கு பத்து வயசு இருக்கறப்ப கையில்லாத சட்டை போட்டேன்னு எங்க பெரியப்பா எல்லார் முன்னாடியும் கத்தினாரு. நான் வெயிலா இருக்குன்னுதான் போட்டேன், எனக்கு அதுல வேற எதுவுமே தோணல. அவர் கத்தினதுக்கப்புறம்தான் என் உடம்புல ஏதோ தப்பு இருக்குன்னு எனக்கே தோண ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் துப்பட்டா இல்லாம வாசலுக்குக் கூட போனதில்ல பல வருசம். அதுவும் என்னய சீக்கிரம் பெரியவளாக்கினதுதான. கடைக்காரன் செஞ்சாலும் பெரியப்பா செஞ்சாலும் அந்தப் புள்ளைக்கு ஒன்னுதான். அதனால துணிய பத்தி பேசறப்ப மூடு மூடுன்னு போயிடாதீங்க அக்கா, ப்ளீஸ். அவகிட்ட அது அசிங்கம்னு மட்டும் சொல்லிடாதீங்க.


எல்லைக்காரி (கொழிஞ்சாம்பாறை)
காலைல 8.20

தங்கம், நீ சொன்னது நெஞ்சுல அப்படியே பட்டுச்சு. சத்தியமா நான் மூடறதுக்குச் சொல்லல. கையில்லாத சட்டை அவகிட்ட நாலு இருக்குது, வெயிலுக்கு அதுதான் போடறா. எனக்கு வேணுங்கறது அவ ஓடறதுக்கு, சம்மணம் போட்டு ஒக்கார்றதுக்கு, தலகீழா தொங்கறதுக்கு ஒரு துணி. அந்தக் கவுன போட்டப்ப அவ ஒரு கையால தோளப் புடிச்சுட்டே நடந்தா பாத்தியா, நழுவிரும்னு. அதத்தான் சொல்றேன்.

எர்ணாகுளம் ஜில்லால வளையன்சிறங்கரன்னு ஒரு அரசு எல்பி (ஆரம்பப் பள்ளி) ஸ்கூல்ல பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் ஒரே மாதிரி முக்கால் டவுசரும் சட்டையும் யூனிஃபாரமா குடுத்தாங்கன்னு 2021ல நியூஸ்ல பாத்தேன், பொண்ணுக ஓடி விளையாடறதுக்கு சவுகரியமா இருக்கணும்னு. எனக்குள்ள இருக்கற எண்ணம் அந்த மாதிரிதான்.

அவகிட்ட கடைல அசிங்கம்னு சொல்லல கண்ணு. "இது குத்தும்"னு மட்டும்தான் சொன்னேன். சொல்லாம இருந்தது நல்லதாப் போச்சுன்னு இப்பத் தோணுது.


நாலாம்வகுப்பு டீச்சர் (சித்தூர் தாலுக்கா, பாலக்காடு)
காலைல 9.10

நான் தமிழ் மீடியம் ஸ்கூல்ல இருக்கேன். பொண்ணுங்கள பத்தியே பேசறோம், பசங்கள யாரும் சொல்லல, அதனால மொதல்ல அத சொல்றேன். என் கிளாஸ்ல ஒரு பையன், ஒம்போது வயசு, மத்தியானம் சோறு பாதி வச்சிட்டு எந்திரிக்கறான். ஏன்டான்னு கேட்டா "சிக்ஸ் பேக் வேணும் டீச்சர்". இன்னொருத்தன் ரெண்டு பக்கமும் ஒட்ட வெட்டிட்டு வந்தான், அழுதுட்டே ஒக்காந்திருந்தான், மாமா கூட்டிட்டுப் போய் ஹீரோ மாதிரி வெட்டி விட்டாராம், அவனுக்குப் புடிக்கவே இல்ல. அழுதா "ஆம்பள அழுவானா"ன்னு பக்கத்துப் பையன் கேக்கறான், அவனுக்கும் அதே ஒம்போது வயசுதான்.

டிவி நிகழ்ச்சிங்க. நம்ம புள்ளைக தமிழ் சேனலும் பாக்கும், மலையாள சேனலும் பாக்கும், ரெண்டுலயும் சின்னப் பசங்க டான்ஸ் போட்டி. பெரியவங்களுக்குப் போட்ட பாட்டுக்கு அதே அசைவோட ஆட விட்டு, ஜட்ஜு எந்திரிச்சு நின்னு கை தட்டறாங்க. 2019 ஜூன்ல மத்திய தகவல் ஒளிபரப்பு அமைச்சகமே எல்லா தனியார் சேனலுக்கும் எழுதுச்சு, சினிமால பெரியவங்க ஆடின அசைவ குழந்தைகள வச்சு ஆட வைக்காதீங்க, வயசுக்கு ஒத்ததா காட்டுங்கன்னு. அது அறிவுரைதான். அது வந்த வருசம் ஸ்டாஃப் ரூம்ல அத படிச்சுக் காட்டினேன், அதே வருசம் எங்க ஸ்கூல் ஆண்டு விழாக்கு மூணாங்கிளாஸ் பொண்ணுங்களுக்கு பி.டி.ஏ. அம்மாக்களே ஒரு பாட்டு எடுத்துட்டு வந்தாங்க, அந்தப் பாட்டோட வரிய நான் இங்க எழுத மாட்டேன். வேண்டாம்னேன். "எல்லாருக்கும் புடிச்ச பாட்டு டீச்சர், நீங்க ஏன் இப்படி"ன்னாங்க. கடைசில கும்மி வச்சோம். அந்தப் பொண்ணுங்க கும்மிய அப்படி சிரிச்சுட்டு ஆடுச்சுங்க, மேடைல ஒருத்தி தப்பான பக்கம் திரும்பி இன்னொருத்தி மேல மோதி, ரெண்டும் கீழ விழுந்து, எந்திரிச்சு மறுபடி ஆடுச்சுங்க. அந்த போட்டோ இன்னும் என் மேசைல இருக்குது.

கலோத்சவம் (கேரளா ஸ்கூல் கலைப் போட்டி) வந்தா மேக்கப்மேன், வாடகை டிரஸ்ஸு, நகை செட்டுன்னு பெத்தவங்க கடன் வாங்கி செலவு பண்றதையும் பாக்கறேன், அதுக்கு தனி இழையே போடணும்.


செல்லப்பொண்ணு_அப்பா (வாளையார்)
மத்தியானம் 1.30

எங்க வீட்ல நடந்தத சொல்றேன், யாருக்காவது உதவும்.

பொண்ணுக்கு பதினொன்னு. லீவுல என் ஃபோன்லதான் வீடியோ பாப்பா. அவ வயசுல ஒரு பொண்ணு, காலைல எந்திரிச்சதுல இருந்து ஸ்கூல் கெளம்பறவரைக்கும் மூஞ்சிக்கு என்னென்ன போடறான்னு வரிசையா காட்டற வீடியோ. க்ளென்சர், டோனர், சீரம்னு பத்து பாட்டில். இவ பொங்கல் காசுல என் ஃபோன்லயே ஒரு சீரம் ஆர்டர் போட்டுட்டா. கம்பெனி பேரு சொல்லல. நாலு நாள்ல கன்னம் ரெண்டும் செவந்து தோல் உரிய ஆரம்பிச்சிருச்சு. டாக்டர் பாட்டில வாங்கிப் படிச்சுட்டு, இதுல இருக்கற ரெட்டினால் வயசான தோலுக்கு சுருக்கம் வராம இருக்கறதுக்கு, இந்தத் தோலுக்கு எதுக்குன்னு கேட்டாரு. என் பொண்ணு மெதுவா "சுருக்கம் வந்துரும்னு அந்த அக்கா சொன்னாங்க"ன்னா. பதினொரு வயசுல அவளுக்கு சுருக்கம் வந்துரும்னு பயம். எனக்கு தொண்ட அடச்சிருச்சு.

அப்புறம் ஒக்காந்து படிச்சேன். நம்ம நாட்டுலயும் விதி இருக்குதுங்க. 2022 ஜூன் 9ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரத்துக்கு வழிகாட்டு விதி போட்டிருக்குது. குழந்தைகள நேரடியா வாங்கச் சொல்லித் தூண்டக்கூடாது, அப்பாம்மாகிட்ட கேட்டு நச்சரிக்கச் சொல்லக்கூடாது, இந்தப் பொருள் இல்லாட்டி நீ மத்த புள்ளைகள விட மட்டம்னு தோண வைக்கக்கூடாது. குழந்தைங்க சேனல்ல சிப்ஸு, கலர் சோடா விளம்பரமே வரக்கூடாதுன்னும் இருக்குது. பொய் விளம்பரத்துக்கு மொத தடவ 10 லட்சம், மறுபடி பண்ணா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். 1915க்கு ஃபோன் போட்டு யார் வேணா புகார் சொல்லலாம், தமிழ்லயும் பேசலாம். நான் போட்டேன், புகார் நம்பர் வந்திருக்குது.

ஸ்வீடன்ல 1991ல இருந்து பன்னெண்டு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைகள குறி வச்சு டிவில விளம்பரமே போட முடியாது, கனடால க்யூபெக் மாகாணத்துல 1980ல இருந்தே பதிமூனு வயசுக்குக் கீழ கெடையாது. இங்க 2023ல போட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்துலயும் 18க்குக் கீழ இருக்கறவங்கள பின்தொடர்ந்து குறி வச்சு விளம்பரம் காட்டக்கூடாதுன்னு எழுதியிருக்குது. ஆனா அவ கைல இருக்கறது என் ஃபோனு. அந்த ஃபோனுக்கு அவ 41 வயசு ஆம்பள. யார தடுக்கும் அது? இது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் ஒறச்சுச்சு. இப்ப ஹால்ல வச்சுத்தான் ஃபோன், என் பக்கத்துல ஒக்காந்துதான் பாக்கணும்.


அமுச்சி (கோவிந்தாபுரம் பக்கம்)
சாயங்காலம் 5.45

பேரன் டைப் அடிச்சுக் குடுக்கறான். சாமிகளா, எல்லாம் படிச்சுக் காட்டினான்.

அந்தக் காலத்துல புள்ளைக புள்ளையா இருந்துச்சுன்னு யாரும் நெனச்சுக்காதீங்க. எனக்கு 1971ல கல்யாணம், பதினஞ்சு வயசு. அன்னைக்கு சட்டமே பதினஞ்சுதான், 18ன்னு ஆக்குனது 1978லதான். தாலி கட்டி மூணாம் நாளு மாட்டுச் சாளைக்குப் பொறவால பொடுசுகளோட கல்லாங்கா ஆடிட்டு இருந்தேன், எங்க மாமியா வந்து கல்ல எல்லாம் புடுங்கி கெணத்துல போட்டுட்டாங்க. அஞ்சு கல்லும் நானே ஆத்துல பொறுக்கி வந்தது, வழவழன்னு இருக்கும். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குது.

இப்ப நாம என்ன பண்றோம்? பொண்ணு பெரிய மனுசி ஆனா திரட்டிச் சீருன்னு ஊருக்கே ஃப்ளெக்ஸ் வைக்கறோம். செக்போஸ்ட் தாண்டி வர்ற வழில பாருங்க, பன்னெண்டு வயசு புள்ள ஆளுயரத்துக்கு நிக்கறா, கல்யாணப் பொண்ணு கணக்கா நகை, உதட்டுச் சாயம், மேல ட்ரோன் கேமரா. என்ற மகன் வயித்துப் பேத்திக்கும் வச்சாங்க. அந்தப் புள்ள ஸ்கூலுக்குப் போற பஸ்ஸு அந்த ஃப்ளெக்ஸ தாண்டித்தான் போவும். பதினஞ்சு நாளு ஸ்கூலுக்கே போகல. பசங்க பேசறாங்களாம். ஒறம்பற எல்லாம் சந்தோசமா வந்து தின்னுட்டுப் போனாங்க, அந்தப் புள்ளையக் கேக்கல ஒருத்தரும். நானும் கேக்கல. கடைக்காரன சொல்றதுக்கு முன்னால நான் அத ஒத்துக்கணும்.

சின்னவளுக்கு சீரு வீட்டோட, மாமன் தட்டு வச்சா போதும்னு இப்பவே சொல்லிப்போட்டேன். ஃப்ளெக்ஸ் வச்சா நான் வரமாட்டேன்னுட்டேன்.


மழைக்கிளி
சாயங்காலம் 6.05

அமுச்சி 🙏 எனக்கும் வச்சாங்க. ஆறாங்கிளாஸ் படிக்கறப்ப. இதுவரைக்கும் யார்கிட்டயும் பேசினதில்ல.


ஜவுளிக்கடைக்காரன் (பொள்ளாச்சி)
ராத்திரி 9.20

கடைய சாத்திட்டு திருப்பிப் பாத்தேன். மூணு டிசைன்ல இருக்குது, மொத்தம் 17 பீஸு. எடுத்து தனியா கட்டி வச்சுட்டேன், வர்ற திங்கக்கிழமை திருப்பித் தர்றதுக்குக் கேப்பேன், எடுத்துக்க மாட்டேன்னா நட்டம்தான், பரவால்ல, டெய்லர்கிட்ட குடுத்து அந்த ஸ்பாஞ்ச பிரிச்சுட்டு அடக்க வெலைக்குப் போட்டுக்கறேன். பரண்ல கெடந்த காட்டன் ஃப்ராக்கையும் எறக்கி முன்னால மாட்டியிருக்கேன். பொம்மைக்கும் அதையே போட்டு விட்டேன்.


பனியன்கம்பெனி (திருப்பூர், சொந்த ஊரு கோபாலபுரம்)
ராத்திரி 9.50

அண்ணா ஈரோட்டுல அந்த மொத்த வியாபாரி யாருன்னு எனக்குத் தனியா சொல்லுங்க. 24ல இருந்து 32 வரைக்கும் குழந்தை அளவு அட்டை என்கிட்ட இருக்குது, நானே போட்டது. கட்டிங் மாஸ்டர் கூட ஒக்காந்து பேசறேன், காசு வேண்டாம்.


எல்லைக்காரி (கொழிஞ்சாம்பாறை)
ஓணம் முடிஞ்சப்பறம், ராத்திரி 10.30

எல்லாருக்கும் நன்றிங்க, ஒவ்வொருத்தர் எழுதினதையும் ரெண்டு தடவ படிச்சேன். அமுச்சி எழுதினத என்ற மாமியாருக்கும் வாசிச்சுக் காட்டினேன், அவங்க ரொம்ப நேரம் ஒன்னுமே பேசல.

நான் கடைசில என்ன பண்ணேன்னா, ரெண்டரை மீட்டர் கைத்தறிக் காட்டன் எடுத்தேன், மாம்பழக் கலர்ல பச்சைக் கரை. எங்க தெருவுல தைக்கற அக்காகிட்ட அவளையே கூட்டிட்டுப் போயி உனக்கு எப்படி வேணுமோ நீயே சொல்லுன்னு விட்டுட்டேன். அவ கை கால் எல்லாம் ஆட்டி அஞ்சு நிமிசம் வெளக்கினா. கழுத்து எப்படின்னு ஒரு வார்த்த சொல்லல, நீளம் சொல்லல. அவ கேட்டது பூராம் பாக்கெட்டுதான். ரெண்டு பக்கமும் வேணும், ஆழமா வேணும், கை முழுசா உள்ள போகணும், கிழியக்கூடாது. அந்த அக்கா சிரிச்சுட்டே சைடு தையல்லயே வச்சுக் குடுத்தாங்க, ரெட்டத் தையல் போட்டு. தையக்கூலி 180.

ஓணத்தன்னைக்குப் போட்டா, அப்புறம் ஒரு வாரத்துல நாலு நாள் அதுதான். நேத்து தொவைக்கறப்ப பாக்கெட்டுல கைய விட்டேன். புளியங்கொட்டை பதினொன்னு, ஒரு நத்தை ஓடு, பேப்பர்ல மடிச்ச அவ பல்லு.


ஜவுளிக்கடைக்காரன் (பொள்ளாச்சி)
ராத்திரி 10.41

அக்கா அந்த டெய்லர் அக்கா மொத்தமா தச்சுக் குடுப்பாங்களா? சைஸ் 26, 28, 30, பாக்கெட்டோட. மொதல்ல ஒரு இருவது பீஸு போதும்.